ஹெல்த்கேர் சாஃப்ட்வேர் வேலை: சேரும் முன் கேட்க வேண்டியதும், சேர்ந்தபின் கற்க வேண்டியதும்

ஆஃபர் வந்திருக்கிறது, ஹெல்த்கேர் சாஃப்ட்வேர் கம்பெனி, சேரலாமா அண்ணா என்று எங்கள் வேலூரின் காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். சேருங்கள், நல்ல வேலைதான். ஆனால் சிலதைக் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

முதலில், கம்பெனி என்ன செய்கிறது என்று தெளிவாகக் கேளுங்கள். ஹெல்த்கேர் என்ற ஒரே பெயரில் வேறுவேறு வேலைகள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வேலை என்றால் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும்போது இங்கே உங்கள் ஷிஃப்டும் ஒரு மணி நேரம் நகரும். நம் ஊர் மருத்துவமனைகளுக்கான ஓ.பி., ஐ.பி., லேப், ஃபார்மசி சாஃப்ட்வேர் என்றால் பகல் வேலைதான், ஆனால் மருத்துவமனைக்கே போய் சாஃப்ட்வேரை நிறுவித் தரும் இம்ப்ளிமென்டேஷன் டீமில் போட்டால் ஊர் ஊராகப் போய் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்க வேண்டும். எந்த டீம் என்பதை இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள், அதில் தப்பே இல்லை.

அப்புறம், அங்கே வேலை செய்கிற ஒருவரையாவது, முடிந்தால் அங்கிருந்து விலகிய ஒருவரையும் பிடித்துப் பேசுங்கள். கம்பெனி எப்படி என்று பொதுவாகக் கேட்டால் பரவாயில்லை என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி மருத்துவமனையில் சாஃப்ட்வேர் நின்றால் யாருக்கு போன் வரும், அந்த டியூட்டி மாதத்துக்கு எத்தனை நாள், அதற்குத் தனிப் பணமா லீவா, பி.எஃப். மாதாமாதம் பாஸ்புக்கில் ஏறுகிறதா, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, நள்ளிரவில் விடும் கேப் வீட்டு வாசல்வரை வருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இத்தனை காலம் வேலையை விட மாட்டேன், விட்டால் பணம் கட்டுவேன் என்ற பாண்டில் கையெழுத்துக் கேட்டால் தொகையையும் காலத்தையும் வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் கொடுக்காதீர்கள். என் நண்பன் கொடுத்துவிட்டு, வேலையை விட்டபின் அதைத் திரும்ப வாங்க ஐந்து மாதம் அலைந்தான்.

சேர்ந்துவிட்டீர்களா, சரி. முதல் மாதமே ஒரு நாள் மருத்துவமனையின் ரெஜிஸ்ட்ரேஷன் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார அனுமதி கேளுங்கள். கோடிங் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், இதை அங்கே மட்டும்தான் கற்க முடியும். நான் உட்கார்ந்த நாளில் கவுன்டர் அக்கா ஒவ்வொரு நோயாளிக்கும் லாஸ்ட் நேம் கட்டத்தில் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல்தானே தம்பி, லாஸ்ட் நேமுக்கு நான் எங்க போறது? காலியா விட்டா உங்க சிஸ்டம் சேவ் ஆகமாட்டேங்குது" என்றார். அந்தக் கட்டத்தைக் கட்டாயம் என்று வைத்தது எங்கள் டீம்தான். வரிசையில் நின்ற பெரியவருக்குப் பிறந்த தேதி தெரியவில்லை, வயது அறுபது இருக்கும் என்றார். வயதை மட்டும் போட்டதும் சாஃப்ட்வேர் தானாக ஜனவரி 1 என்று எழுதிக்கொண்டது.

இது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். இரண்டாம் வருடம் வேறொரு மாவட்டத்தில் டூப்ளிகேட் பதிவுகளை ஒன்றாக்கும் வேலை தந்தார்கள். ஒரே பெயர், ஒரே ஜனவரி 1, ஒரே வருடம், ஒரே ஊர், ஒரே ஆள்தான் என்று சேர்த்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேர். ரத்த வகை வேறாக வருகிறதே என்று லேப் டெக்னீஷியன் கவனித்து போன் செய்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரிக்க இரண்டு நாள் ஆனது, அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் சொல்கிறேன், பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் நம்பி இரண்டு பதிவைச் சேர்க்காதீர்கள். போன் நம்பர், அப்பா அல்லது கணவர் பெயர், பழைய ரத்த வகை எல்லாம் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் கேளுங்கள்.

பெயர் விஷயம் எவ்வளவு சிக்கல் என்பதை நம் வேலூரில் கண்ணாலேயே பார்க்கலாம். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்தெல்லாம் வருகிறார்கள். காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் போர்டு தொங்குகிறது. அந்தப் பக்கத்து முகமதுகள் பலர் பெயரை எம்.டி. என்று சுருக்கி எழுதுவார்கள், அதை டாக்டர் படிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. தேவி, பீபி, காத்தூன் என்பவை குடும்பப் பெயர் ஆகாது.

படிக்க வேண்டியது என்றால், மருத்துவமனை சாஃப்ட்வேர்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் ஹெச்.எல்.7 (HL7) மெசேஜில் பி.ஐ.டி. (PID) வரியை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள், நோயாளி யார் என்பது அதில்தான் இருக்கிறது. நோய்களுக்கான ஐ.சி.டி.-10 கோடுகள் வேலை செய்யச் செய்யப் பழகிவிடும், ஈ11 (E11) என்றால் டைப் 2 சர்க்கரை என்பதுபோல. ஹெச்.எல்.7-இன் புதிய வடிவமான ஃபயரை (FHIR) ஆறாவது மாதத்தில் தொடங்கினால் போதும். லேப் ரிசல்ட்டில் எண்ணோடு யூனிட்டையும் பாருங்கள்: ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மி.கி. என்பதும் லிட்டருக்கு 10 மில்லிமோல் என்பதும் ஒன்றுதான், யூனிட் விழுந்துவிட்டால் டாக்டர் கண்ணுக்கு இரண்டும் வேறு நோயாளி.

கடைசியாக ஒன்று. சொந்த ஊர் மருத்துவமனையின் டேட்டா உங்கள் ஸ்க்ரீனுக்கு வரும்போது தெரிந்தவர் பெயர் கண்ணில் படும். திறக்காதீர்கள். ஒழுங்கான சிஸ்டம் என்றால் யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்று லாகில் விழும், அதற்காக வேலை போனவர்கள் உண்டு. லாக் இல்லாவிட்டாலும் திறக்காதீர்கள், அது அவர்களுடைய உடம்பு. சித்தி போன் செய்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்பார். "என்னால பார்க்க முடியாது சித்தி, அந்தப் பொண்ணையே போய் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல எழுதிக் கொடுத்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.