ஒரு துண்டு பித்தளைக் கம்பி போதும்

டிரெமெல் மாதிரி சின்ன ரோட்டரி டூல் (கையில் பிடித்து, முனையை வேகமாகச் சுழலவிட்டுத் தேய்க்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புத்தாள் உருளைகள் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று. அதை நாமே செய்துகொள்ளலாம்.

எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.2 மி.மீ. தடிமனுள்ள பித்தளைக் கம்பியில் 4 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். ஆணி வேண்டாம், அது நேராக இருப்பதாகத் தோன்றும், சுற்றும்போதுதான் ஆட்டம் தெரியும். கம்பியின் ஒரு முனையில், நடு மையத்தில், ஹேக்சா பிளேடால் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குப் பிளவு போடுங்கள். பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

அப்புறம் 120 நம்பர் எமெரி துணியில் (உப்புத்தாள் மாதிரியே சொரசொரப்பான துணி) ஒன்றரை செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை. தாளைவிடத் துணி நல்லது, மடிப்பில் கிழியாது. நுனியைப் பிளவில் செருகி, சொரசொரப்பு வெளியே தெரியும்படி இறுக்கிச் சுற்றுங்கள்.

சுற்றும் திசையில்தான் விஷயமே இருக்கிறது. டூல் சுழலும்போது பட்டையின் தளர்ந்த முனை பின்னால் இழுபட்டு வரவேண்டும். மாற்றிச் சுற்றினால் அந்த முனை மரத்தில் மாட்டிப் பிய்ந்துவிடும்.

இந்த டூல்கள் பலவும் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். வீட்டில் செய்த தண்டுக்கு அந்த வேகம் ஆகவே ஆகாது, கம்பி வளைந்து தெறிக்கும். ஆகக் குறைந்த வேகத்திலேயே வையுங்கள். கம்பியின் மறுமுனை காலெட்டுக்குள், அதாவது டூலில் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்குள், முடிந்தவரை ஆழமாக இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.