பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்? ராமைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்), அதில் பல வகை உண்டு. அந்தப் பெயர்களைத் தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் உங்கள் கம்ப்யூட்டரில் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள்: ராம் எத்தனை ஜிபி, பிராசசர் 64 பிட்டா 32 பிட்டா. விண்டோஸ் 10 இன்னும் திறக்கிறது என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று போனால் இரண்டுமே அங்கே இருக்கும். 'சிஸ்டம் டைப்' என்ற வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அதில் 32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர் என்று போட்டிருந்தால் விண்டோஸ்தான் 32 பிட், உங்கள் பிராசசர் 64 பிட்தான். ராம் 2 ஜிபிதான் என்றால் 32 பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுப்பது ஒரு காலத்தில் சகஜம், அதனால் தன் கம்ப்யூட்டர் 32 பிட் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். இன்டெல் கோர் வரிசையில் கோர் 2 டுயோ முதல் எல்லாமே 64 பிட். நிஜமான 32 பிட் என்றால் 2008 வாக்கில் வந்த ஆட்டம் என்270 போட்ட குட்டி நெட்புக்குகள், முதல் தலைமுறை கோர் டுயோ, பழைய பென்டியம் 4 சில, இப்படிப்பட்டவைதான்.

அப்புறம் ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஓஎஸ் 200 எம்பி ராமில் ஓடும், அந்த ஓஎஸ் 150 எம்பியில் ஓடும் என்று பெருமை பேசுவார்கள். பேசட்டும். பிரௌசரைத் திறந்து ஜிமெயில் ஒன்று, யூடியூப் ஒன்று, ஏதாவது அரசு இணையதளம் ஒன்று என்று மூன்று டேப் போட்டால் 1 ஜிபிக்கு மேல் அதுவே தின்றுவிடும், அது எந்த ஓஎஸ்ஸாக இருந்தாலும். ஓஎஸ்ஸில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் முந்நூறு நானூறு எம்பி, 2 ஜிபி ராம் இருக்கும் இடத்தில் நல்ல வித்தியாசம் காட்டும்; 8 ஜிபி இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. எனவே தேவைக்கு மேல் இலகுவானதைத் தேடி, பழகுவதற்குக் கஷ்டமான ஒன்றில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சரி, எதைப் போடுவது?

64 பிட், 4 ஜிபி ராம் என்றால் யோசிக்கவே வேண்டாம், லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்போடு வரும் பதிப்பு. 2 ஜிபி போதும் என்று மின்ட் தரப்பே சொல்கிறது, ஆனால் வசதியாக ஓட 4 வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் 7 பார்த்தவர்களுக்குக் கை தானாகவே பழகிவிடும். இப்போதைய 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. நான் இதை முதலில் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஃபயர்பாக்ஸ் பிரௌசர். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸிலும் அதன் தம்பி லுபுண்டுவிலும் ஃபயர்பாக்ஸ் 'ஸ்னாப்' என்ற பொட்டலமாக வருகிறது, பழைய ஹார்ட் டிஸ்கில் அது முதல் தடவை திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மின்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 11 ஏற்கவில்லை, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஓரங்கட்டப்பட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப்பெல்லாம் உண்மையில் பழையதே இல்லை. 8 ஜிபி ராம் இருந்தால் மின்ட்டின் சினமன் பதிப்பையே போடுங்கள், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

64 பிட், 2 ஜிபி என்றால் எம்எக்ஸ் லினக்ஸ், இதிலும் எக்ஸ்எஃப்சிஇ. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது, அலட்டல் இல்லாதது. பட்டை இடது பக்கம் செங்குத்தாக நிற்பது மட்டும் முதலில் உறுத்தும், செட்டிங்ஸில் மாற்றிக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

1 ஜிபி, அல்லது உண்மையான 32 பிட் என்றால் கதை வேறு. பெரிய லினக்ஸ்கள் ஒவ்வொன்றாக 32 பிட்டைக் கைவிட்டுவிட்டன. மின்ட் 20-ஆம் பதிப்பிலேயே நிறுத்தியது, டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டாலரை எடுத்துவிட்டது, ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லாவும் 32 பிட் லினக்ஸுக்கு ஃபயர்பாக்ஸ் தருவதை 144-ஆம் பதிப்போடு முடித்துக்கொண்டது. மிஞ்சியதில் ஆன்டிக்ஸ் 23 நல்லது, டெபியன் 12 அடிப்படை, 32 பிட் பதிப்பும் உண்டு. பப்பி லினக்ஸும் உண்டு, முழுக்க ராமிலேயே ஏறி ஓடுவதால் வேகம் பிரமாதம், ஆனால் எப்போதும் அட்மின் உரிமையிலேயே ஓடுவது அதன் வழக்கம், புதியவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. இந்த ரகக் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், பிள்ளைகள் டைப்பிங் பழகலாம். நெட் பேங்கிங்குக்கும் வீடியோ வகுப்புக்கும் அது ஆகாது, எதைப் போட்டாலும் ஆகாது.

காளி லினக்ஸ் போடலாமா என்று கல்லூரிப் பசங்க கேட்பதுண்டு. அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கான கருவிப்பெட்டி, வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம்.

காசு கொஞ்சம் செலவழிக்க முடியும் என்றால் ஓஎஸ்ஸைவிட, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டிதான் அதிகம் உதவும். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டால் கம்ப்யூட்டரே மாறிவிட்ட மாதிரி இருக்கும், 120 ஜிபி தாராளம். ராம் வாங்கும்போது இருக்கிற ராமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டிடிஆர்3 ரக ராம் போட்ட லேப்டாப் என்றால் 'எல்' என்று முடியும் 1.35 வோல்ட் ரகமாகக் கேளுங்கள், அது பெரும்பாலும் பழைய 1.5 வோல்ட் லேப்டாப்பிலும் ஓடும், ஆனால் 1.5 வோல்ட் ராம் 1.35 மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் ஓடாது.

இனி வேலை. முதலில் போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன், டேலி டேட்டா எல்லாவற்றையும் வேறு எங்காவது காப்பி எடுத்துவிடுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், அதில் இருப்பது அழிந்துவிடும். மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை அதிகாரபூர்வத் தளத்தில் இறக்கி, விண்டோஸில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் எழுதுங்கள். மிகப் பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) என்றால் ரூஃபஸில் பார்டிஷன் ஸ்கீம் எம்பிஆர் என்று இருக்கட்டும், அப்படியும் பென்டிரைவிலிருந்து பூட் ஆகவில்லை என்றால் ரூஃபஸ் காட்டும் டிடி மோடில் இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெல், லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஏசஸ் என்றால் எஸ்கேப் தட்டினால் பெரும்பாலும் பூட் மெனு வரும், அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும், உங்கள் டிஸ்கை அது தொடவில்லை. இங்கேதான் அவசரப்படக் கூடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது பிராட்காம் சிப்பாக இருக்கும். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கைப் போட்டால் இணையம் வந்துவிடும், இன்ஸ்டால் முடிந்த பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து அதற்கான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். பிரிண்டரையும் இப்போதே செருகிப் பாருங்கள். நம் ஊர் அலுவலகங்களில் எங்கும் காணும் கேனன் எல்பிபி2900-க்குத் தனியாக ஒரு டிரைவர் போட வேண்டும், அது புதியவருக்குக் கொஞ்சம் முரட்டு வேலை, தினம் பிரிண்ட் எடுப்பவர் என்றால் இதை யோசித்துவிட்டு இறங்குங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று பிரௌசர் மிரட்டுகிறதா? தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தால் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் நிற்கும், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குப் பொய்யாகத் தெரியும். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் போதும்.

எல்லாம் திருப்தி என்றால் திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் தட்டுங்கள். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடியுங்கள். விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் போடலாம், முழுக்க அழித்தும் போடலாம். டிஸ்க் சின்னது, விண்டோஸில் இனி வேலையும் இல்லை என்றால் அழித்துவிடுவதே நல்லது. ஒரு வாரம் குழப்பம் இருந்தால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

யூடியூப் திணறினால் ஃபயர்பாக்ஸில் 'என்ஹான்ஸ்டு ஹெச்264ஃபை' என்ற ஆட்-ஆனைப் போட்டு வீடியோவை 480-இல் வையுங்கள். பழைய கிராபிக்ஸ் சிப்களில் பலவற்றுக்கு ஹெச்264 என்ற வடிவத்தில் சுருக்கிய வீடியோவை விரிக்கத் தெரியும், யூடியூப் வழக்கமாக அனுப்பும் விபி9 வடிவம் தெரியாது. அதனால் முழுப் பாரமும் பிராசசர் தலையில் விழுகிறது.

கடைசியாகத் தமிழ். கீபோர்டு செட்டிங்ஸிலேயே தமிழ்நெட் 99 என்று ஒரு லேஅவுட் இருக்கும், அதை நம்பாதீர்கள், தமிழ்99-இல் தானாக விழும் புள்ளி அதில் விழாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ் எம்17என்' என்பதைத் தேடிப் போட்டு, லாக்அவுட் செய்து திரும்ப வந்து, ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழைத் தேர்ந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு என்று வரிசையாகக் காட்டும். பழகியதை எடுத்துக்கொள்ளுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்கள் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைலையும் விண்டோஸிலிருந்து காப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.