நீல விளக்கு எரிந்தால் மட்டும் தண்ணி சுத்தமாகிவிடாது

நம்ம திருநெல்வேலிப் பக்கம் குழாயில் தாமிரபரணித் தண்ணி வருகிற வீடானாலும் சரி, ராதாபுரம், திசையன்விளை மாதிரி போர் தண்ணியை நம்பி இருக்கிற வீடானாலும் சரி, யூவி தண்ணி சுத்திகரிப்பு மெஷினில் நீல விளக்கு எரிகிறதைப் பார்த்ததும் தண்ணி சுத்தமாகிவிட்டது என்று சொம்பை நீட்டிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். கிருமியின் டிஎன்ஏவைச் சிதைத்து அது பெருகாமல் செய்வது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் (அதுதான் யூவி), அது கண்ணுக்கே தெரியாது. நாம் பார்க்கிற நீலம் கூடவே வருகிற வெளிச்சம், அவ்வளவுதான். விளக்கு பழசானாலும் நீலம் எரிந்துகொண்டேதான் இருக்கும், உள்ளே கதிரின் வலு குறைந்திருக்கும். இந்த மெஷின்களில் வருகிற பாதரச விளக்குகள் பலவற்றுக்கு ஆயுள் சுமார் 9,000 மணி நேரம், விடாமல் எரிந்தால் ஒரு வருஷம். அதனால் மாட்டிய தேதியை மெஷின் மேலேயே எழுதி வையுங்கள்.

அடுத்தது கலங்கல். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு செம்மண்ணாக ஓடும்போது மண் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்கிறது, கதிர் அதன் மேல் படுவதே இல்லை. முதலில் தெளிய வைத்து வடிகட்டுங்கள், அப்புறம்தான் யூவி. 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்துவிட்டால் மெஷினை மட்டும் நம்பாதீர்கள், கிணற்றுக்குக் குளோரின் போட்டு, குடிக்கிற தண்ணியை நன்றாகக் கொதிக்க வையுங்கள்.

போர் தண்ணிக்காரர்களுக்கு வேறு சிக்கல். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் உப்பு வெள்ளையாகப் படிந்து கதிரை மறைத்துவிடும், சர்வீஸுக்கு வருகிறவர் ஃபில்டரை மாற்றிவிட்டுக் கிளம்பப் பார்த்தால் அந்தக் குழாயையும் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள் (கரண்டை நிறுத்திவிட்டுத்தான், எரிகிற விளக்கைப் பார்த்தால் கண் கெடும்). தண்ணியில் இருக்கிற உப்பையோ ஃப்ளோரைடையோ நைட்ரேட்டையோ யூவி தொடவே தொடாது. அதற்கு ஆர்ஓ, அதாவது உப்பை வடிக்கிற சவ்வு ஃபில்டர் வேண்டும்.

இப்போது நானோ, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள். கடைக்காரர் 'நானோ டெக்னாலஜி' என்று சொன்னதும் வாங்கிவிடாமல், எந்தத் துகள் என்று கேளுங்கள். டைட்டானியம் டை ஆக்ஸைடு என்றால் அதன் மேல் புற ஊதா ஒளி பட்டால்தான் கிருமியைக் கொல்லும் வினை நடக்கும், இருட்டான கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்து வைத்தால் அது வெறும் வெள்ளைப் பொடி. வெள்ளித் துகளுக்கு ஒளி வேண்டாம், ஆனால் அது வெள்ளி அயனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் நேரம் கொடுக்க வேண்டும், குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் பலன் குறையும். உப்புத் தண்ணியில் இருக்கிற குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து அதன் வீரியத்தையும் குறைத்துவிடும், கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

துகள் ஒரு பொருளில் பிடித்து நிற்க வேண்டும், தண்ணியோடு வயிற்றுக்குள் போகக் கூடாது. 2009-ல் வந்த டாடா ஸ்வச் என்ற தண்ணி ஃபில்டரில் உமிச் சாம்பலின் மேல் வெள்ளியைப் பதித்திருந்தது அதனால்தான். ஆன்லைனில் வெள்ளிக் கரைசல் வாங்கிக் குடத்தில் சொட்டு விடுகிற வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம், சொட்டு எண்ணி அந்த அளவைக் காக்க வீட்டில் யாராலும் முடியாது. நாள்பட உடம்பில் சேர்ந்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகிவிடும், திரும்ப மாறாது.

யூவியில் வந்த தண்ணியில் குளோரின் மாதிரி பின்னால் காவல் எதுவும் இல்லை, மெஷினில் இருக்கிற கார்பன் ஃபில்டர் குழாய்த் தண்ணியின் குளோரினையும் எடுத்துவிடும். கை படும்படி சொம்பை முக்கினால் மறுபடி கிருமிதான். மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் பிடித்து வைத்து, அன்றைக்கே குடித்துவிடுங்கள்.