வரைகிற குழந்தையிடம் சாக்லேட் பேரம் வேண்டாம்

தானாகவே உட்கார்ந்து படம் வரைகிற குழந்தையிடம், “இன்னொன்று வரைந்தால் சாக்லேட்” என்று ஆசை காட்டாதீர்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் இதைச் சோதித்து 1973-இல் வெளியிட்டார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம், ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்கள் அந்தப் பேனாவோடு செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான்! சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

கசப்பு மருந்து குடிக்க வைக்க லஞ்சம் கொடுப்பது வேறு கதை. கெடுவதற்கு அங்கே ஆர்வமே கிடையாது. (நானும் கொடுப்பதுண்டு.) வரைகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, “யானைக்கு ஏன் பச்சை வால்?” என்று கேட்டுப் பாருங்கள்.