முன்னாள் படைவீரர் நிறுவனம்: அமெரிக்க அரசு கான்ட்ராக்டுக்குப் பதிவு செய்யும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்கப் படையில் இருந்து வெளிவந்தவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு அந்நாட்டு அரசு கான்ட்ராக்ட்களில் தனி ஒதுக்கீடு உண்டு. பணிக்காலத்தில் உடல்நலம் பாதிக்கப்பட்டவர்களின் நிறுவனங்களுக்குக் கூட்டாட்சி அரசு வைத்திருக்கும் இலக்கு, கான்ட்ராக்ட் தொகையில் முன்பு 3%, இப்போது 5%. நம்மவர்களுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகப் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தின் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களில் சிலராவது இன்று சொந்தத் தொழில் பற்றி யோசிக்கும் வயதில் இருப்பார்கள்.

அதிகம் பேர் சறுக்குவது "சாம் தளத்தில் பதிந்துவிட்டேன், வேலை முடிந்தது" என்ற நினைப்பில்தான். சாம் டாட் கவ் என்பது அரசோடு வியாபாரம் செய்ய விரும்பும் எல்லோருக்குமான வாசல். அதில் "படைவீரர் நிறுவனம்" என்று டிக் போட்டால் போதும் என்ற காலம் ஒன்று இருந்தது, அது போய்விட்டது. சான்றளிக்கும் பொறுப்பு 2023 ஜனவரி 1 முதல் எஸ்.பி.ஏ. எனும் சிறுதொழில் நிர்வாகத்திடம் வந்துவிட்டது. வெட்செர்ட் என்ற அதன் திட்டத்தில் தனியாக விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் ஒதுக்கீட்டு டெண்டரில் போட்டியிட முடியும்.

இரண்டு இடத்திலும் கட்டணம் ஒரு காசு கிடையாது. சாமில் பதிந்ததுமே "உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று அரசுக் கடிதம் போலவே மின்னஞ்சல்கள் வரும். கட்டாதீர்கள். ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் என்ற அரசு உதவி மையங்கள் விண்ணப்பத்துக்குப் பணம் வாங்காமலே வழிகாட்டுகின்றன. சாம் பதிவை மட்டும் ஆண்டுதோறும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் வரித்துறை தந்த கடிதத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அப்படியே இருக்கட்டும்.

சரி, உண்மையான சிக்கல் நிறுவன ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறது. படைவீரர் கையில் குறைந்தது 51% பங்கு இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விதி கேட்பது பங்கை மட்டுமல்ல, பிடியையும், அதாவது முடிவெடுக்கும் அதிகாரத்தையும். நண்பரோடு கூட்டாக எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) தொடங்கும்போது இணையத்தில் கிடைத்த மாதிரிப் பத்திரத்தை அப்படியே கையெழுத்துப் போடுவார்கள். அதில் "முக்கிய முடிவுகளுக்கு எல்லாப் பங்குதாரர்களின் ஒப்புதலும் தேவை" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி போதும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட. நிறுவனத்தைக் கலைப்பது, விற்பது, இன்னொன்றோடு இணைப்பது, திவால் அறிவிப்பது, புதுப் பங்குதாரரைச் சேர்ப்பது ஆகிய சில அசாதாரண விஷயங்களில் மட்டும்தான் மற்றவர் மறுப்புச் சொல்ல விதி இடம் தருகிறது.

அன்றாட நடைமுறையையும் பார்ப்பார்கள். மிக உயர்ந்த பதவி படைவீரருடையதாக இருக்க வேண்டும். அவரைவிட இன்னொருவர் அதிகச் சம்பளம் வாங்கினாலோ, படைவீரர் பகல் முழுக்க வேறு கம்பெனியில் வேலை பார்த்தாலோ, பிடி அவரிடம் இல்லை என்ற அனுமானத்தோடுதான் தொடங்குவார்கள். அந்த அனுமானம் தவறு என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பாடு. மாமன் மச்சான் நடத்தும் கம்பெனிக்குப் பெயர் மட்டும் கொடுக்கும் ஏற்பாடு என்றால், தயவுசெய்து வேண்டாம். அது மோசடி வழக்கில் போய் நிற்கும். உண்மையான படைவீரர் ஒருவருக்குப் போக வேண்டிய வேலையும் அங்கே பறிபோகிறது.

தகுதி இருந்தும் பாதிப்படைந்தவருக்கான சான்றிதழைக் கேட்காமல் விடுவது இன்னொரு தவறு. பாதிப்பு பணியால் வந்தது என்று படைவீரர் நலத்துறை ஏற்றிருந்தால், அது 0% என்று மதிப்பிடப்பட்டிருந்தாலும் செல்லும். துறை தந்த கடிதத்தைத் தேடி எடுங்கள். வித்தியாசம் பெரியது: சாதாரணப் படைவீரர் நிறுவனத்துக்கு முன்னுரிமை பெரும்பாலும் படைவீரர் நலத்துறையின் கான்ட்ராக்ட்களில் மட்டும், பாதிப்படைந்தவருடையது என்றால் எல்லாக் கூட்டாட்சித் துறைகளிலும்.

அப்புறம், ஒதுக்கீட்டு வேலையைக் கையில் வாங்கி முழுவதையும் பெரிய கம்பெனிக்குத் தள்ளிவிட முடியாது. சேவைக் கான்ட்ராக்டில் அரசு தரும் தொகையில் 50%க்கு மேல் உங்களுக்குள்ள அதே தகுதி இல்லாத துணை ஒப்பந்ததாரர்களுக்குப் போகக் கூடாது; பொதுக் கட்டுமானத்தில் அந்த உச்சவரம்பு 85%. விலை குறிப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.