மாளிகைமேடு: சோழர் அரண்மனை இடிபாட்டுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

கங்கைகொண்ட சோழபுரம் போகிறவர்களில் பலர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில், உட்கோட்டைப் பக்கம், மாளிகைமேடு இருக்கிறது. கங்கைவரை படை அனுப்பிய முதலாம் இராசேந்திரன் (1014–1044) கட்டிய அரண்மனையில் மிச்சம் இருப்பது அங்கேதான். மாடமும் கிடையாது, மண்டபமும் கிடையாது. வெறும் செங்கல் அடித்தளம். நேரே மேட்டுக்குப் போய் நின்றால் ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றிவிடும். அதனால் எதை முதலில் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

படி 1: நாள் பார்த்தல்

மார்கழி, தை, மாசி தோது. சித்திரை வெயிலில் வேண்டாம். ஐப்பசிப் பௌர்ணமியில் கோயிலில் அன்னாபிஷேகம், கூட்டம் அள்ளும். சாமி கும்பிட அது நல்ல நாள், இடிபாடு பார்க்க அல்ல.

படி 2: வழி

பக்கத்து ஊர் ஜெயங்கொண்டம், பத்துக் கிலோமீட்டர் சொச்சம். சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் சொல்வது கும்பகோணம் – அணைக்கரை வழிதான். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டிய கீழணை அங்கே வரும். அந்த அணைக்குக் கல் வேண்டும் என்று கோயிலின் சுற்று மதிலைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். கோயிலுக்கே அந்தக் கதி என்றால் செங்கல் அரண்மனைக்குக் கேட்கவா வேண்டும்?

படி 3: முதலில் கோயில்

காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அரண்மனை அகழாய்வில் கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. அவை எங்கே பார்வைக்கு இருக்கின்றன என்று அங்கே விசாரித்துப் பார்த்துவிட்டே மேட்டுக்குக் கிளம்புங்கள். காரணம் அடுத்த படியில்.

படி 4: மேட்டில் எதைப் பார்ப்பது

தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் இங்கே தோண்டத் தொடங்கியது. குழி ஓரத்தில் நின்று முதலில் சுவர்களின் கனத்தைப் பாருங்கள். இது சும்மா தடுப்புச் சுவர் அல்ல, பெரிய பாரம் தாங்கியது என்று தெரியும். அடுத்து, செங்கலுக்கு நடுவே கருங்கல் ஏதும் தட்டுப்படுகிறதா என்று தேடுங்கள். மரத்தூண்களைக் கருங்கல் பீடத்தின் மேல்தான் நிறுத்தியிருந்தார்கள். இப்போது அந்தக் கூரை ஓடுகளையும் ஆணிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்: கல் மேல் மரத்தூண், தூண் மேல் மரச்சட்டம், சட்டத்தில் ஆணி அடித்து ஓடு. கூடம் கண்ணுக்குள் எழுந்துவிடும். மரம் மக்கிப்போனது, செங்கலை நூற்றாண்டுக் கணக்கில் ஆட்கள் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். சுவர் பாதியில் அறுந்து நிற்பது ஏன் என்பதற்கு அதுவே பதில்.

இங்கே ‘சோழகேரளன் திருமாளிகை’ என்று ஓர் அரண்மனை இருந்ததை இராசேந்திரனின் மகன் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டு சொல்கிறது. வீரராசேந்திரன் அமர்ந்த அரியணைக்கும் ஒரு பெயர் உண்டு: இராசேந்திரசோழ மாவலிவாணராசன். நாற்காலிக்கு இவ்வளவு நீளப் பெயர் வைத்த ஊர்!

படி 5: செய்யக் கூடாதது

சுவர் மேல் ஏறி செல்பி எடுக்காதீர்கள், செங்கல் உதிரும். ஓட்டுச் சில்லு கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்; பையில் போட்டால் அதன் வரலாறே போச்சு. தண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும்.

நேரம் மிஞ்சினால் பொன்னேரி என்ற ஏரிக்குப் போகலாம். கங்கை வெற்றியின் நினைவாக இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் அதுதான். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் பார்க்கலாம்.