பழைய இன்ஸ்டன்ட் கேமரா: வாங்குவதிலிருந்து முதல் எட்டுப் படங்கள் வரை

எடுத்த படத்தை அப்போதே தாளில் வெளியே தரும் பழைய இன்ஸ்டன்ட் கேமரா ஒன்று கண்ணில் பட்டால் பலரும் முதலில் லென்ஸைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, அந்தக் கேமராவுக்கு இன்று ஃபிலிம் கிடைக்கிறதா என்பது. இந்த வகைக் கேமராவின் நிறை, குறை இரண்டுமே ஃபிலிம் பேக்கில்தான் இருக்கின்றன. படம் பதியும் தாள், அதைக் கழுவும் ரசாயனம், போலராய்ட் 600 போன்ற மாடல்களில் கேமராவை ஓட்டும் பேட்டரி எல்லாமே அதற்குள் அடக்கம்.

படி 1: ஃபிலிமைப் பார்த்துக் கேமராவைத் தேர்ந்தெடுங்கள்

போலராய்ட் நிறுவனம் 2008-ல் இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த தொழிற்சாலையை இம்பாசிபிள் ப்ராஜெக்ட் என்ற குழு எடுத்து நடத்தி, 2010-ல் புதிய ஃபிலிமைக் கொண்டுவந்தது. அதே நிறுவனம்தான் இன்று போலராய்ட் என்ற பெயரில் இயங்குகிறது. அதனால் எஸ்எக்ஸ்-70, 600 ஆகிய இரண்டு வகைப் பழைய கேமராக்களுக்கும் புது ஃபிலிம் கிடைக்கிறது.

மற்றவற்றில் கவனம் தேவை. ஸ்பெக்ட்ரா வகை ஃபிலிம் 2019-ல் நின்றுபோனது. தாளை இழுத்துப் பிரித்தெடுக்கும் பேக் ஃபிலிம் கேமராக்களுக்குக் கைகொடுத்து வந்த ஃப்யூஜி எஃப்பி-100சி என்ற ஃபிலிம் 2016-ல் நிறுத்தப்பட்டது. கோடாக் இன்ஸ்டன்ட் கேமராக்களின் கதை இன்னும் பழையது: காப்புரிமை வழக்கில் போலராய்டிடம் தோற்று 1986-ல் அந்தத் தொழிலையே கோடாக் விட்டுவிட்டது. இவையெல்லாம் அலமாரியில் வைக்க அழகானவை, படம் எடுக்கப் புதியவருக்கு உதவாதவை.

முதல் கேமராவுக்கு எங்கள் பரிந்துரை 600 வகைப் பெட்டிக் கேமரா. 1972-ல் வந்த, மடித்து வைக்கக்கூடிய எஸ்எக்ஸ்-70 அதைவிட எவ்வளவோ மேலானது; லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கலாம், சுமார் 26 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யலாம். ஆனால் அதன் ஃபிலிமின் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 160 அளவுதான், 600 ஃபிலிமுக்கு 640. வெளிச்சம் சற்றுக் குறைந்தாலே எஸ்எக்ஸ்-70-ல் கை நடுக்கம் படத்தில் தெரியும். அதனால் அதை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளலாம்.

ஃபிலிம் வாங்கும்போது, புதிய போலராய்ட் கேமராக்களுக்கான ஐ-டைப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். பார்வைக்கு 600 பேக் மாதிரியே இருக்கும், பழைய கேமராவுக்குள்ளும் போகும். ஆனால் அதில் பேட்டரி கிடையாது, கேமரா அசையாது. பெட்டியில் தயாரிப்புத் தேதி அச்சிட்டிருப்பார்கள். அதிலிருந்து 12 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது.

படி 2: கேமராவைச் சோதியுங்கள்

பேட்டரி ஃபிலிமோடு வருவதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் பரணில் கிடந்த கேமராவாக இருந்தாலும், உள்ளே பேட்டரி கசிந்து அரித்திருக்கும் என்ற பயம் குறைவு. நஷ்டம், பேக் இல்லாமல் கேமரா ஓடுகிறதா என்று பார்க்க முடியாது. தீர்ந்துபோன பழைய பேக் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் அதன் பேட்டரியில் கொஞ்சம் சக்தி மிச்சமிருக்கும். அதைப் போட்டுக் கதவை மூடினால் மோட்டார் சுழலும் சத்தம் கேட்க வேண்டும். ஷட்டர் பட்டனை அழுத்திப் பாருங்கள், ஃபிளாஷ் மின்னுகிறதா என்றும் பாருங்கள்.

பிறகு கதவைத் திறந்து ரோலர்களைக் கவனியுங்கள். படம் வெளியே வரும் வழியில் இரண்டு உலோக உருளைகள் இருக்கும். படத்தின் அடியிலுள்ள அகலமான வெள்ளைப் பட்டைக்குள் ரசாயனப் பசை ஒரு சின்னப் பையில் இருக்கிறது. உருளைகளுக்கு நடுவே தாள் நசுங்கி வரும்போது அந்தப் பை உடைந்து, பசை ஒரே கனத்தில் படம் முழுக்கப் பரவுகிறது. உருளையில் காய்ந்த பசை ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அந்தக் கனம் கெட்டுவிடும். மெல்லிய துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, உருளையைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பேக் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். சுரண்டக் கத்தி, ஊசி எதுவும் வேண்டாம்.

எஸ்எக்ஸ்-70 என்றால் மடியும் கறுப்புத் துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருட்டறையில் உள்ளிருந்து டார்ச் அடித்தால் ஊசிமுனை ஓட்டைகூடத் தெரிந்துவிடும்.

படி 3: பேக்கைப் போடுங்கள்

ஃபிலிமை 4 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு பொருத்தமான இடம். ஃப்ரீசர் கூடாது, பசை உறைந்து கெட்டுவிடும். எடுத்தவுடன் பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள்.

பேக்கின் ஓரங்களைப் பிடித்து, கறுப்பு மூடுதாள் மேலே இருக்கும்படி உள்ளே தள்ளிக் கதவை மூடுங்கள். மேல்பரப்பின் நடுவில் விரலால் அழுத்தாதீர்கள். மூடியதும் மூடுதாள் தானாக வெளியே வரும். வராவிட்டால் பேட்டரி செத்திருக்கலாம், அல்லது பேக் முழுதாக உட்காரவில்லை. இதன் பிறகு பேக் தீரும்வரை கதவைத் திறக்கவே கூடாது. வெளிச்சம் பட்ட படம் பாழ்.

பழைய பேக்கில் 10 படங்கள் இருந்தன, இப்போது 8. பழைய கேமராவின் கவுன்டருக்கு இது தெரியாது. 10-லிருந்து இறங்கி 2 காட்டும்போது உங்கள் பேக் காலி. "இன்னும் இரண்டு இருக்கிறது" என்று நம்பி முக்கியமான தருணத்துக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

படி 4: படம் எடுங்கள்

சாதாரண பெட்டிக் கேமராவின் ஃபோகஸை மாற்ற முடியாது. குறைந்தது 1.2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். குளோசப் லென்ஸை நகர்த்தி வைக்கும் வசதி இருந்தால் 0.6 முதல் 1.2 மீட்டர் வரை நெருங்கலாம். கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலான வியூஃபைண்டர் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால், கிட்டத்தில் எடுக்கும்போது கண்ணில் தெரிவதும் படத்தில் விழுவதும் கொஞ்சம் விலகும். முகத்தைச் சுற்றி இடம் விட்டு எடுங்கள்.

ஃபிளாஷ் சுமார் 3 மீட்டர்தான் எட்டும். வீட்டுக்குள் எப்போதும் ஃபிளாஷோடு எடுங்கள். வெளியே, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இந்த ஃபிலிம் தாங்கும் வெளிச்ச வித்தியாசம் மிகக் குறைவு. எதிர்வெயிலில் எடுத்தால் வானம் வெளுக்கும், முகம் கறுக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை முதல் இரண்டு படங்களுக்கு நடுவிலேயே வைத்து, அவற்றைப் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

படி 5: படம் துலங்கும்வரை

படம் வெளியே வரும் வழியை விரலால் மறைக்காதீர்கள். வந்தவுடன் நிழலுக்குள் கவிழ்த்து வைத்துவிடுங்கள். கலர் படத்துக்கு 10 முதல் 15 நிமிடம், கறுப்பு-வெள்ளைக்கு 5 முதல் 10. முதல் சில நொடிகள்தான் மிக ஆபத்தானவை. பழைய கேமராக்களில் பலவற்றில் படத்தை மூடும் திரை கிடையாது, எனவே கையாலாவது மறைத்துக்கொள்ளுங்கள். உதறவே வேண்டாம். உதறினால் வேகமாகத் துலங்காது. தாள் வளைந்து பசை சிதறத்தான் வாய்ப்பு.

13 முதல் 28 டிகிரிக்குள் நிறம் சரியாக வரும். குளிரில் படம் வெளிறி, நீலமோ பச்சையோ அடிக்கும். சட்டையின் உட்பையில் வைத்தால் உடல் சூடு போதும். வெயிலில் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு ஏறும். குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

படத்தில் குறை தெரிந்தால்

ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பப் புள்ளிகள் விழுந்தால் ரோலரில் அழுக்கு. முழுப் படமும் வெள்ளை என்றால் ஃபிலிமில் வெளிச்சம் அதிகமாகப் பட்டிருக்கிறது, அநேகமாகக் கதவு திறந்திருக்கும். முழுக் கறுப்பு என்றால் லென்ஸை ஏதோ மறைத்தது, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. மூலையில் பசை எட்டாமல் ஒரு துண்டு விடுபட்டிருந்தால் முதலில் ரோலரைத் துடையுங்கள், பிறகு ஃபிலிமின் தேதியைப் பாருங்கள். பசை வெளியே கசிந்து கையில் பட்டால் உடனே தண்ணீரில் கழுவுங்கள், அது காரத்தன்மை உள்ளது.

யாருக்கு ஒத்துவரும்?

ஒரு நிகழ்ச்சியை முழுதாகப் பதிவு செய்ய வேண்டியவருக்கு இது சரிவராது. எட்டுப் படம், ஒவ்வொன்றும் காசு, ஷட்டர் வேகமும் ஃபோகஸும் கேமராவின் முடிவு, நெகட்டிவும் கிடையாது. ஆனால் எதிரில் இருப்பவர் கையில் அப்போதே ஒரு படத்தைக் கொடுக்க விரும்புபவருக்கு இதற்கு இணை எதுவும் இல்லை. நெகட்டிவ் இல்லை என்பதே அந்தப் படத்தை ஒற்றைப் பிரதி ஆக்குகிறது. அதை நாங்கள் குறையாகப் பார்ப்பதில்லை.

ஒற்றைப் பிரதி என்பதால், நிறம் மங்கும் முன் ஸ்கேன் செய்துவிடுங்கள். ஆல்பத்துக்குள் அடைக்கும் முன் சில வாரம் காற்றாட உலரட்டும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். விமானப் பயணத்தில் ஃபிலிமைக் கைப்பையில் எடுத்துச் சென்று, எக்ஸ்ரே வேண்டாம், கையால் சோதியுங்கள் என்று கேளுங்கள். கேமராவுக்குள் பேக் இருந்தால், கதவைத் திறக்கக் கூடாது என்பதையும் சோதனை ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.